வெள்ளைக் கீறல்

ஹெர்சகோவினாவில், பொத்காமென் மேட்டில்
முப்பத்தொரு கல்லறைக் கற்கள்.
நகராட்சிக் காகிதத்தில் 'ஏறத்தாழ முப்பது'.
அந்த ஏறத்தாழவில் விடுபட்டவர்
முட்புதருக்குள் குப்புறக் கிடந்தார்.

அறுநூறு வருஷத்துக்கு முந்தியவர்கள்.
ஊரின் மூன்று சமயங்களில் எதுவும்
முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாதவர்கள்;
அதனாலேயே மூன்றும்
அவ்வப்போது கொண்டாடும்.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வருகிறாராம்.
கற்கள் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.
எங்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு கம்பி பிரஷ்,
ஆளுக்கொரு சாண்ட்விச்,
செவ்வாய்க்கிழமை முழு விடுப்பு.
அன்றைக்குத்தான் கணக்குத் தேர்வு.
யார் மறுப்பார்?

முதலில் தொடங்கியவன் நான்தான், வெத்ரான்.
பதினேழாம் கல்லில் ஒரு பிறை,
அதன்மேல் கல்பாசி,
காய்ந்த முட்டைக்கரு நிறத்தில்.
தேய்த்தேன்.
நன்றாக வந்தது.
அதுதான் சிக்கல், நன்றாக வந்தது.

"நிறுத்து!"
ஜெனெத்தா கத்துகிறவள் இல்லை.
பேருந்தில் யாராவது காலை மிதித்தால்
மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்பாள்.
கையில் அளவுகோல்.
"நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர்.
வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது.
கணக்குப் போடு."

கணக்குக்குப் பயந்து ஓடி வந்தவனிடம்!
போட்டேன். நூற்றெண்பது, குறைந்தது.
சுல்தான் போய், பேரரசர் போய்,
மன்னர் போய், மார்ஷல் போய்,
அதுபாட்டுக்கு
அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்.

"அப்படியானால் கல் எதற்கு?
பாசி உட்காரப் பலகையா?" என்றான் மிர்ஹாத்.
"அடியில் செதுக்கினவன் மனிதன் இல்லையா?"
சாண்ட்விச் தீரும்வரை சண்டை.
இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது;
எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
பிறையின் கீழ்க்கொம்பில் ஒரு வெள்ளைக் கீறல்.
நான்கு விரல் நீளம்.
உளி பிடித்தவன் போட்டதில்லை.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
சட்டைக் கையால் துடைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
மறுபடி துடைத்தேன்.

இரவில் வருவோம் என்றாள் நெவேனா.
அவள் அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பவன்.
திருகாணி கீழே விழுந்தால்
டார்ச்சைத் தரையோடு படுக்க வைப்பானாம்;
தூசிக்குக்கூட நிழல் நீளுமாம்.

கல்லின் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்தோம்.
ஒன்றுமில்லை. மிர்ஹாத் கொட்டாவி விட்டான்.
ஓரங்குலம் தாழ்த்தினாள்.

எழுந்தது ஒரு கை.
பாசியை உதறாமல், பாசியோடு சேர்ந்தே,
உடம்பைவிடப் பெரிய உள்ளங்கை.
அடுத்த கல்லில் கைகோத்து ஆடும் ஐந்து பேர்.
அதற்கடுத்ததில் ஒரு மான்,
யாரோ இப்போதுதான் கூப்பிட்டதுபோல்
காது நிமிர்த்தி.
மிர்ஹாத் தொப்பியைக் கழற்றினான்;
கழற்றியதை உணர்ந்து திரும்ப மாட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மழை. அமைச்சர் வரவில்லை.
வந்த அதிகாரி கேட்டார்:
"ஏன் இன்னும் அழுக்காகவே இருக்கிறது?"
பிரஷ்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தோம்.
பன்னிரண்டு.
கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

இப்போது ஒரு நோட்டு இருக்கிறது.
கல்லுக்கொரு பக்கம்: நீளம், திசை,
டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம்,
மேலே குடியிருப்போர்: ஆரஞ்சுப் பாசி,
சாம்பல் பாசி, வால் இழந்த பல்லி ஒன்று.
பதினேழாம் பக்கம், 'சேதம்' என்ற கட்டத்தில்:
கம்பி பிரஷ், நான்கு விரல்,
செய்தவர் வெத்ரான், மூன்றாம் ஆண்டு.
பென்சில் போதும் என்றார்கள்.
பேனாவால் எழுதினேன்.

அதற்குக் கீழே ஜெனெத்தா
இன்னொரு கட்டம் வரைந்தாள்:
மறுபடி முளைத்த பாசி, மில்லிமீட்டரில்.
இந்த வருஷம் பூஜ்யம்.
அடுத்த வருஷத்துக்கும் அவளே நிரப்பிவிட்டாள், பூஜ்யம்.
மிச்சக் கோடுகள்
நோட்டின் பின்னட்டைவரை போகின்றன.